டாலர் போட்ட ஃபைலை டெலிட் பண்ணிடாதீங்க பாஸ்!

மினி புராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போகாதீங்க மக்களே. அனுபவத்துல சொல்றேன். அயர்ன் பண்ணின சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, நெத்தியில விபூதின்னு நாங்க நாலு பேரும் பக்காவாப் போய் நின்னோம். எங்க புராஜெக்ட் மட்டும் பக்காவா இல்ல.

தலைப்பு: ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டம். சிரிக்காதீங்க. உங்க காலேஜ்லயும் வருஷா வருஷம் இதே தலைப்புல குறைஞ்சது ரெண்டு டீம் இருக்கும். ஹாஸ்டல் இல்லாட்டி லைப்ரரி! ஜாவாவுல, அதுவும் ஸ்விங்ல பண்ணியிருந்தோம். 'ஸ்விங் எல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?'ன்னு பீட்டர் விடுற சீனியர்களுக்கு ஒரு கும்பிடு. எங்க லேப்ல உயிரோடதான் இருக்கு.

லாகின் ஸ்கிரீன் வந்துச்சு. மெனு வந்துச்சு. மேடம் தலையாட்டினாங்க. 'ரூம் அலாட்மென்ட்'னு ஒரு பட்டன். அதுதான் எங்க ஷோவோட இன்டர்வெல் பிளாக். நான் ஸ்டைலா க்ளிக் பண்ணேன்.

ஒண்ணுமே நடக்கல.

மறுபடி க்ளிக். ம்ஹூம்! பின்னாடி இருந்த கறுப்பு விண்டோவுல மட்டும் சரசரன்னு எழுத்து ஓடுது. முதல் வரியிலயே 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்', பக்கத்துல 'ரூம்டேபிள் டாலர் 1'.

"இது யார் எழுதின மாட்யூல்?"னு மேடம் கேட்டாங்க. மூணு பேரோட கண்ணும் ஒரே பக்கம் திரும்புச்சு. அந்தப் பக்கம் நின்னவன் பேரைப் போட்டா உதைப்பான், அதனால 'மௌனி'ன்னு வெச்சுக்குவோம். பாலிடெக்னிக் முடிச்சிட்டு நேரா செகண்ட் இயர்ல வந்து சேர்ந்தவன். வீட்ல லேப்டாப் கிடையாது. காலையில எட்டு மணிக்கு லேப் திறக்கிறப்ப உள்ள போவான், சாயங்காலம் அட்டெண்டர் அண்ணன் சாவியை ஆட்டிக்கிட்டே வந்து நிக்கிற வரைக்கும் டைப் பண்ணிக்கிட்டு இருப்பான். எல்லா ஸ்கிரீனுக்கும் பொதுவா வேணும்கிற டேபிள், தேதி செலக்ட் பண்ற பெட்டின்னு 'காமன்' புராஜெக்ட் மொத்தமும் அவன் கைவண்ணம். நான் எழுதின 'மெயின்' புராஜெக்ட் அதை நம்பித்தான் ஓடுது.

"டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணேன் மேடம்."

"அப்ப ஏன் ஓடல?"

பதில் இல்ல. இருபதுக்கு எங்க மூணு பேருக்கும் பதினாறு. அவனுக்குப் பதினொண்ணு.

இந்தக் கதையோட மிச்சத்தைச் சொல்றதுக்கு முன்னாடி அந்த எரரைக் கொஞ்சம் பிரிச்சு மேஞ்சிடுவோம். நாளைக்கே உங்களுக்கும் வரும். வந்தா டீம்ல யாரை முறைக்கணும், யாரை முறைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

நீங்க எழுதுற 'டாட் ஜாவா' ஃபைல் அரிசியும் உளுந்தும் மாதிரி. கம்பைலர்தான் கிரைண்டர். அது ஆட்டிக் கொடுக்கிற மாவுதான் 'டாட் கிளாஸ்' ஃபைல். ஜேவிஎம் தோசை சுடுறப்ப அரிசி டின்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கு மாவு வேணும், அவ்வளவுதான்! சோர்ஸ் கோடு பத்திரமா இருக்கு, ஒரு எழுத்துகூட மாறலன்னு நீங்க கத்தினாலும் மாவுப் பாத்திரம் காலியா இருந்தா தோசை வராது. (ஒரு கிளாஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து பாருங்க. முதல் நாலு பைட் எப்பவும் 'சிஏ, எஃப்இ, பிஏ, பிஇ'. சேர்த்துப் படிச்சா 'கஃபே பேப்'! ஜாவாவை உருவாக்கின ஜேம்ஸ் காஸ்லிங் வெச்ச குறும்பு அது. நம்ம ஊர்ல யாராவது உருவாக்கியிருந்தா 'டீக்கடை'ன்னு வெச்சிருப்போம்.)

ஒரே புராஜெக்ட்டா இருக்கிற வரைக்கும் பிரச்னை கம்மி. ஒண்ணை நம்பி இன்னொண்ணு, அதை நம்பி மூணாவதுன்னு போறப்பதான் ரகளை. பக்கத்து வீட்ல மாவு கடன் வாங்கிக்கலாம்னு நம்பி விருந்தாளியைக் கூப்பிட்டாச்சு. அங்க கிரைண்டர் ரிப்பேர்னா என்ன பண்ணுவீங்க? எக்ளிப்ஸ் இதைப் பொறுமையாவே சொல்லும். உன் முன்னோடி புராஜெக்ட் இன்னும் பில்ட் ஆகல, எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டு முதல்லேர்ந்து பில்ட் பண்ணுன்னு ஒரு வரி வரும். நாம அதைப் படிக்கவே மாட்டோம். ஏன்னா அதே நேரத்துல இன்னும் நூறு சிவப்பு கிராஸ் வந்து கண்ணைக் குத்தும். அந்த நூறுல தொண்ணூத்தொம்பது வெறும் எதிரொலி. 'பில்ட் பாத்'ங்கிற வார்த்தை எந்த வரியில இருக்குன்னு தேடி, அதை முதல்ல கவனிங்க. முக்கால்வாசி நேரம் மத்ததெல்லாம் தானா காணாமப் போயிடும்.

இன்னொரு வகை எரர் இருக்கு. அது செம கடுப்பு. 'இந்த டைப்பைக் கண்டுபிடிக்க முடியல, தேவைப்படுற கிளாஸ் ஃபைல்கள்ல இருந்து மறைமுகமா இதைக் குறிப்பிட்டிருக்காங்க'ன்னு எக்ளிப்ஸ் சொல்லும். அது சொல்ற பேரை நாம நம்ம கோடுல ஒரு இடத்துலகூட எழுதியிருக்க மாட்டோம்! விஷயம் இதுதான். நீங்க பயன்படுத்துறது மாமாவை. அந்த மாமா கிளாஸ் அவரோட மச்சான் கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணி எழுதப்பட்டது. மச்சானை உங்களுக்கு அறிமுகமே இல்ல. ஆனா மாமாவைப் பத்தி முழுசாத் தெரிஞ்சிக்க கம்பைலருக்கு மச்சானோட ஜாதகமும் வேணும். மச்சான் இருக்கிற ஜார் ஃபைலை பில்ட் பாத்துல சேர்த்தா முடிஞ்சது. இப்படி உறவுமுறை தேடி அலைய வேணாம்னுதான் மேவன், கிரேடில் எல்லாம் வந்துச்சு. மாமாவைக் கேட்டா மச்சானையும் அதுவே கூட்டிக்கிட்டு வந்துடும். எங்க லேப்ல அதுக்கு நெட் கனெக்‌ஷன் வேணுமே, அதைப் பத்தி இன்னொரு வாரம் அழுறேன்.

இதெல்லாம் கம்பைல் பண்றப்ப வர்ற எரர். வந்தா நல்லது. ஏன்னா ரிவ்யூவுக்கு முன்னாடியே வந்துடுது. எங்களுக்கு வந்தது ஓடுறப்ப வர்ற ரகம். இதுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. 'கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்'னா, நீங்க ஒரு கிளாஸோட பேரை வெறும் எழுத்தாக் கொடுத்து 'இதைக் கொண்டா'ன்னு கேட்டிருப்பீங்க, அது கிடைக்கல. டேட்டாபேஸ் டிரைவர் பேரைக் கொடுத்து லோட் பண்றப்ப வாங்குற பல்பு இது. 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்' வேற. கம்பைல் பண்றப்ப அந்த கிளாஸ் இருந்துச்சு. அதை நம்பி உங்க கோடும் கம்பைல் ஆயிடுச்சு. ஓடுற நேரத்துல ஆளைக் காணோம்! கல்யாணப் பத்திரிகையில பேர் இருக்கு, மண்டபத்துல ஆள் இல்ல, அந்த மாதிரி. இந்த எரர்லயே 'இனிஷியலைஸ் பண்ண முடியல'ன்னு சேர்ந்து வந்தா மட்டும் ஃபைலைத் தேடி அலையாதீங்க. ஃபைல் இருக்கு. அதோட ஸ்டாட்டிக் பகுதியில ஏதோ வெடிச்சிருக்கு. கறுப்பு விண்டோவுல இன்னும் மேல ஏறிப் பார்த்தா முதல் வெடிச் சத்தம் கிடைக்கும்.

லாகின், மெனு எல்லாம் ஏன் ஒழுங்கா வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, ஜேவிஎம் சரியான சோம்பேறி. எல்லா கிளாஸையும் ஆரம்பத்துலயே தூக்கிட்டு வராது. எப்ப தேவையோ அப்பதான் போய் எடுக்கும். அதனால காணாமப் போன ஃபைல் அரை மணி நேரம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும். ஒரு பட்டனை அமுக்காத வரைக்கும் புராஜெக்ட் சூப்பர்!

நீங்க யாருமே டெலிட் பண்ணாம ஃபைல் காணாமப் போறதும் உண்டு. எக்ஸ்எம்எல் படிக்கிறதுக்கான 'ஜாக்ஸ்பி' கிளாஸ்கள் 2006-ல வந்த ஜாவா 6-ல இருந்து ஜாவாவோடயே இலவச இணைப்பா வந்துச்சு. ஜாவா 9-ல, 2017-ல, இதைச் சீக்கிரம் எடுத்துடுவோம்னு எச்சரிக்கை விட்டாங்க. 2018-ல வந்த ஜாவா 11-ல எடுத்தே விட்டுட்டாங்க. ஜாவா 8-ல கம்பைல் பண்ணி ஜம்முனு ஓடிக்கிட்டிருந்த எத்தனையோ புரோகிராம், ஜாவா 11 போட்ட மெஷின்ல இதே நோ கிளாஸ் டெஃப் எரரைக் கக்கிட்டு விழுந்துச்சு. கோடுல ஒரு புள்ளிகூட மாறல. அந்த ஜாரைத் தனியா வாங்கிச் சேர்த்தப்புறம்தான் எழுந்துச்சு.

ஃபைல் காணாமப் போறதைவிட மோசம், பழைய ஃபைல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்க ஃப்ரெண்ட் எழுதின கிளாஸ்ல மெஸ் அட்வான்ஸ் 500-ன்னு ஃபைனல் கான்ஸ்டன்ட்டா வெச்சிருக்கான். அதை நம்பி நீங்க பில் கோடு எழுதுறீங்க. கம்பைலர் அந்த 500-ஐ உங்க கிளாஸ் ஃபைலுக்குள்ளயே எழுதி வெச்சிடும். அப்புறம் அவன் 750-ன்னு மாத்தி, அவன் ஃபைலை மட்டும் கம்பைல் பண்ணிக் கொடுத்தா உங்க பில்லுல இன்னமும் 500-தான் வரும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது! நீங்களும் மறுபடி கம்பைல் பண்ணணும். எரர் வர்றது பரவாயில்லன்னு இப்பப் புரியுதா?

சரி, எங்க கதைக்கு வருவோம்.

ரிவ்யூ முடிஞ்ச ரெண்டாம் நாள் சாயங்காலம். லேப்ல மௌனி ஒரு ரஃப் நோட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் அவன் மெஷின்ல இருக்கிற கிளாஸ் ஃபைல் பேரெல்லாம், வலது பக்கம் என் பென் டிரைவ்ல இருக்கிறது. பேனாவால ஒவ்வொண்ணா டிக் அடிச்சுக்கிட்டே நிமிராம கேட்டான்.

"டேய், காப்பி பண்றப்ப ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

அந்த செகண்ட்தான் எனக்கு வயித்துக்குள்ள சுருக்குன்னுச்சு. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, மணி பன்னெண்டரை. ரெண்டு புராஜெக்ட்டோட பின் ஃபோல்டரையும் பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு இருந்தேன். அதுல மூணு ஃபைல் பேருக்கு நடுவுல டாலர் குறி. எனக்கு டாலர்னாலே அலர்ஜி. வேர்டு ஃபைலைத் திறந்து வெச்சா பக்கத்துல டாலர் போட்டு ஒரு தற்காலிக ஃபைல் முளைக்குமே, அந்த மாதிரி ஏதோ குப்பைன்னு நினைச்சேன். அதுவும் எங்க லேப்ல பென் டிரைவைச் செருகினா சும்மா போகாது, வைரஸ் சீர்வரிசையோடதான் திரும்பி வரும். 'எதுக்கு வம்பு?'ன்னு மூணையும் செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சிட்டுத் தூங்கிட்டேன்.

அது குப்பை இல்ல பாஸ். ஒரு கிளாஸுக்குள்ள இன்னொரு கிளாஸ் எழுதினா ஜாவா அதுக்குத் தனி ஃபைல் போடும், நடுவுல டாலர் குறி வெச்சு. உள்ள இருக்கிறதுக்குப் பேர் இருந்தா டாலருக்கு அப்புறம் அந்தப் பேரு. பேரே வைக்காம அங்கேயே எழுதினா 1, 2, 3-ன்னு நம்பர். டேபிள்ல ஒரு வரியை டபுள் க்ளிக் பண்ணினா விவரம் திறக்கணும்னு மௌனி 'மவுஸ் அடாப்டர்' வெச்சுப் பேர் இல்லாத கிளாஸ் எழுதியிருந்தான். அதுதான் ரூம்டேபிள் டாலர் 1. அந்த டேபிள் ஸ்கிரீன்ல வர்றதுக்கே அந்த ஃபைல் வேணும்.

என் கோடுல மட்டும் ஏன் டாலர் ஃபைலே இல்ல? நான் எல்லா பட்டனுக்கும் லேம்டா எழுதியிருந்தேன். 2014-ல ஜாவா 8-ல வந்த சமாச்சாரம். அதுக்குக் கம்பைலர் தனி ஃபைல் போடாது, ஓடுறப்ப ஜேவிஎம்மே பார்த்துக்கும். நான் என்னமோ பெரிய அறிவாளின்னு நினைச்சிடாதீங்க, நெட்ல பார்த்த கோடு அப்படி இருந்துச்சு, அப்படியே ஒட்டினேன். அவன் வேணும்னு பழைய முறையில எழுதல. மவுஸ் அடாப்டருக்கு லேம்டா எழுதவே முடியாது. லேம்டா ஒரே ஒரு மெத்தட் பாக்கி இருக்கிற இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான். அதாவது, தெரிஞ்சு சரியா எழுதினவன் அவன். அதனாலயே அவனோட ஃபைலுங்க மட்டும் என் டெலிட் பட்டன்ல மாட்டுச்சு.

இவ்வளவும் இப்பத் தெளிவாச் சொல்றேன். அப்ப நான் அவனுக்குச் சொன்ன பதில்: "இல்லையே மச்சி... அப்படியேதான் காப்பி பண்ணேன்."

அவன் "சரிடா"ன்னு நோட்டை மூடிட்டான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னு எல்லாம் சினிமா டயலாக் விட மாட்டேன். நல்லாத் தூங்கினேன். காலையில எழுந்ததும்தான் கஷ்டமா இருந்துச்சு. பதினொண்ணுங்கிற நம்பர் பல் தேய்க்கிறப்பகூட ஞாபகத்துக்கு வந்துச்சு. இன்டர்னல் மார்க் நமக்கெல்லாம் ஒரு நம்பர். ஸ்காலர்ஷிப்பை நம்பிப் படிக்கிறவனுக்கு அது வேற.

ரெண்டு டீ சொல்லிட்டு, காலேஜ் எதிர் கடை பெஞ்ச்ல உட்கார்ந்து ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். டாலர், டெலிட், நேத்து சொன்ன பொய், எல்லாம். அவன் டீயை ஆத்திக்கிட்டே சொன்னான்.

"தெரியும்டா."

"எப்படி?"

"காணாமப் போனது மூணு. மூணுலயும் டாலர் இருக்கு. தானா விட்டுப்போனா இவ்ளோ ஒழுங்கா விட்டுப்போகாது."

"அப்ப ஏன்டா மேடம்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

இதுக்கு மேல அவன் பேசல. டீக்குக் காசும் அவனே கொடுத்துட்டான். அதுதான் ரொம்ப வலிச்சுது!

அன்னிக்கு மத்தியானமே மேடம் ரூம். பென் டிரைவையும் அவன் ரஃப் நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போனேன். மேடம் நோட்டையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. "டெலிட் பண்ணினது நீ. மார்க் போட்டது நான். நானும் அந்த எரரை முழுசாப் படிக்கலையே"ன்னு சொன்னாங்க. மார்க் ஷீட் அனுப்பியாச்சாம். எச்ஓடிகிட்ட பேசிப் பார்க்கிறேன், உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. இந்த வரியை எழுதுற வரைக்கும் பதினொண்ணு பதினொண்ணாவேதான் இருக்கு.

தண்டனை உண்டா? உண்டு. செகண்ட் இயர் ஜூனியர்ஸுக்கு லேப் ஹவர்ல கிளாஸ் ஃபைல் பத்தி நான் பாடம் எடுக்கணும். எடுத்தேன். 'உங்க பின் ஃபோல்டரைத் திறந்து டாலர் ஃபைல் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க'ன்னு ஆரம்பிச்சேன். கடைசி பெஞ்ச்ல ஒரு தம்பி எழுந்து, "அண்ணா, நான் போன வாரம்தான் அதையெல்லாம் வைரஸ்னு க்ளீன் பண்ணேன்"னான். அவனைக் கட்டிப் பிடிக்கணும்போல இருந்துச்சு.

அடுத்த ரிவ்யூவுக்கு இப்ப ஃபைல் ஃபைலா எடுத்துட்டுப் போறதில்ல. எல்லா கிளாஸையும் ஒரே ஜாரா மூட்டை கட்டிடுறோம். ஜார்ங்கிறது உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான். அதுல இருந்து மூணை மட்டும் உருவுறதுக்கு என்னை மாதிரி ஆளுங்களுக்குப் பொறுமை கிடையாது. அதுலயும் முதல் தடவை சறுக்கினோம். 'டேஷ் ஜார்'னு போட்டு ஓட்டினா, நீங்க தனியாக் கொடுக்கிற கிளாஸ்பாத்தை ஜாவா கண்டுக்கவே கண்டுக்காது. டேட்டாபேஸ் டிரைவர் எங்கேன்னு தெரியாம 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' தம்பி வந்து நின்னான். ஜாருக்குள்ள இருக்கிற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல டிரைவர் ஜாரோட பேரை எழுதி, அதைப் பக்கத்துலயே வெச்சப்புறம்தான் ஓடுச்சு. ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடியே லேப் மெஷின்ல ஓட்டிப் பார்த்துட்டோம். ஒரு பட்டன் விடாம அமுக்கி.

ஜாரை பில்ட் பண்றது நான். பென் டிரைவ்ல காப்பி பண்றது மட்டும் மௌனி. என்னைக் கிட்டவே விடுறதில்ல.